பிடித்ததும் பிடிக்காததும்: ரசிகர் எதிர்வினைக்கு ஓர் அட்டவணை

1977 செப்டம்பர் 20 அன்று அமெரிக்காவின் ஏ.பி.சி. தொலைக்காட்சியில் 'ஹாப்பி டேஸ்' தொடரின் ஒரு பகுதி ஒளிபரப்பானது. ஹென்றி விங்க்லர் நடித்த ஃபான்ஸி என்ற நாயகன், தோல் ஜாக்கெட்டைக்கூடக் கழற்றாமல் நீர்ச்சறுக்கில் பாய்ந்து, கடலில் வேலிகட்டி அடைத்திருந்த ஒரு சுறாவைத் தாண்டிக் குதித்தான். அன்றிரவு அதைப் பார்த்தவர்கள் சுமார் 3 கோடிப் பேர். தொடர் அதன் பிறகும் 1984 வரை ஓடியது.

கணக்கின்படி அது வெற்றி. ஆனால் 1980களின் நடுவில் மிச்சிகன் பல்கலைக்கழக மாணவர்கள் சிலர், எந்தத் தொடர் எந்த இடத்தில் சரியத் தொடங்கியது என்று அரட்டையடித்துக்கொண்டிருந்தபோது, ஒருவர் இந்தக் காட்சியைச் சொன்னார். 'சுறாவைத் தாண்டுவது' என்பது அன்றிலிருந்து அந்த நண்பர்களிடையே சரிவுக்கான சங்கேதச் சொல்லானது. அவர்களில் ஒருவரான ஜான் ஹைன் 1997இல் அதே பெயரில் ஓர் இணையதளம் தொடங்கினார். எந்தத் தொடர் எப்போது சுறாவைத் தாண்டியது என்று பார்வையாளர்கள் அங்கே வாக்களித்தார்கள். குழந்தை பிறந்தபோது, ஒரே பாத்திரத்துக்கு வேறு நடிகர் வந்தபோது, காதலர்கள் ஒருவழியாகச் சேர்ந்துவிட்டபோது என்று தலைப்புகள் இருந்தன. டெட் மெக்கின்லி என்ற நடிகர் எந்தத் தொடரில் நுழைந்தாலும் அது விளங்காது என்ற கிண்டலில் அவர் பெயரிலேயே ஒரு தலைப்பும் இருந்தது. 'ஒருபோதும் தாண்டவில்லை' என்பதும் உண்டு. 2006இல் 'டிவி கைடு' இதழை நடத்திய நிறுவனம் அந்தத் தளத்தை விலைக்கு வாங்கியது.

சுறாக் காட்சியை எழுதிய ஃப்ரெட் ஃபாக்ஸ் ஜூனியர் 2010இல் 'லாஸ் ஏஞ்சலீஸ் டைம்ஸ்' இதழில் தன் தரப்பைச் சொன்னார். அந்தப் பகுதி பெரும் வெற்றி, தொடர் அதன் பிறகும் ஆண்டுக்கணக்கில் முன்னணியில் இருந்தது என்பது அவர் வாதம். அவர் சொன்னது அத்தனையும் உண்மை. அதனால் பயன் ஒன்றும் விளையவில்லை. பார்வையாளர் எண்ணிக்கையைச் சரிபார்க்கலாம். பார்வையாளருக்கு மனம் விட்டுப்போன இடத்தை எந்தப் பதிவேட்டில் சரிபார்ப்பது?

இந்தக் கேள்வியை மற்றெவரையும்விட விடாப்பிடியாகக் கட்டிப் புரண்டவர்கள் 'டிவி ட்ரோப்ஸ்' என்ற கூட்டு விக்கியைத் தொகுப்பவர்கள்.

2004இல் தொடங்கிய அந்த விக்கி முதலில் கவனம் செலுத்தியது 'பஃபி த வாம்பயர் ஸ்லேயர்' தொடரின் மீது. கதைகளில் திரும்பத் திரும்ப வரும் உத்திகளுக்குப் பெயர் சூட்டி, ஒவ்வொன்றுக்கும் எடுத்துக்காட்டுகளைச் சேர்ப்பது அதன் வேலை. கடைசி நொடியில் வெடிகுண்டின் கம்பி வெட்டப்படுகிறது. நாயகனைச் சுட்டுவிடாமல் தன் திட்டம் முழுவதையும் வில்லன் அவனிடமே விளக்கிக்கொண்டிருக்கிறான். இவை ஒவ்வொன்றும் ஒரு 'ட்ரோப்'. தமிழ் சினிமா பார்த்து வளர்ந்தவருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. தொலைக்காட்சியில் தொடங்கிய தொகுப்பு திரைப்படம், நாவல், காமிக்ஸ், வீடியோ கேம், ஜப்பானிய அனிமே, புராணம் என்று பரவியது. விக்கிப்பீடியாவைப் போல ஒரு படைப்பு 'குறிப்பிடத்தக்கதா' என்று அங்கே கேட்பதில்லை. பத்துப் பேர் படித்த இணையக் காமிக்ஸுக்கும் பக்கம் உண்டு.

ட்ரோப்புக்கு ஒரு வசதி இருக்கிறது. படத்தைப் போட்டுப் பார்த்தால் போதும். கம்பி வெட்டப்பட்டதா, எத்தனை நொடி மீதமிருந்தது என்பதில் சண்டைக்கு இடமில்லை. ஆனால் ரசிகர்கள் கதையைப் பற்றிப் பேசும்போது கம்பியோடு நிறுத்துவதில்லையே. 'அந்த இடத்தில் அழுதுவிட்டேன்', 'அந்தப் பையன் வந்த பிறகுதான் தொடர் கெட்டது', 'சோகக் காட்சியில் சிரிப்பு வந்துவிட்டது' என்பவைதான் அவர்கள் பேச்சின் பெரும்பகுதி. இவற்றுக்கும் பெயர் சூட்டினார்கள். இவற்றுக்கும் எடுத்துக்காட்டுகள் குவிந்தன. தொடக்க ஆண்டுகளில் எல்லாம் ஒரே பக்கத்தில் கலந்து கிடந்தன.

விளைவை ஊகிப்பது கடினமல்ல. ஒரு காட்சி கண்ணீர் வரவழைப்பதாக ஒருவர் எழுதுவார். அதன் கீழே சற்று உள்தள்ளி இன்னொருவர், தனக்கு அப்படித் தோன்றவில்லை என்பார். மூன்றாமவர் இரண்டாமவருக்குப் பதில் சொல்வார். நான்காமவர் தன் சொந்தக் கதையைத் தொடங்குவார். 'நான்' என்று எழுதக் கூசியவர்கள் 'இந்த ட்ரோப்பர்' என்று தங்களைப் படர்க்கையில் குறிப்பிட்டுக்கொண்டார்கள். பணிவு போலத் தோன்றும் இந்த வழக்கம் 'நான்' என்பதைவிடப் பெரிய தன்முனைப்பு என்பதைப் பலரும் பிறகுதான் கண்டுகொண்டார்கள். தகவல் பக்கமாகத் தொடங்கியது திண்ணைப் பேச்சாக முடிந்தது. இந்தச் சளசளப்புக்கும் ஒரு பெயர் வைத்து, அதை ஒழிக்கக் கொள்கைப் பக்கமும் எழுதினார்கள். பெயர் வைப்பது அந்தச் சமூகத்தின் அனிச்சைச் செயல்.

கண்ட தீர்வு பிரித்து வைப்பது. ஒவ்வொரு படைப்புக்கும் முதன்மைப் பக்கம் ஒன்று. அதன் தலைமாட்டில் வரிசையாகத் தாவல்கள். அவற்றில் ஒன்று 'ஒய்.எம்.எம்.வி.' அமெரிக்கக் கார் விளம்பரங்களில் மைலேஜ் கணக்கைச் சொல்லிவிட்டு, உங்களுக்குக் கிடைப்பது மாறலாம் என்று கீழே பொடியெழுத்தில் போடுவார்கள். அந்த எச்சரிக்கை வாசகத்தின் முதலெழுத்துகள் இவை. ரசிகரைப் பொறுத்து மாறுபடுவது எதுவானாலும் அந்தத் தாவலுக்குள் போக வேண்டும். முதன்மைப் பக்கத்தில் அதற்கு இடமில்லை.

இந்த விக்கியில் ஒரு பக்கம் அட்டவணையாவது எளிய தந்திரம். பட்டியலுக்கு முன்னும் பின்னும் ஒரு குறியீட்டைப் போட்டால், அதற்குள் வரும் ஒவ்வொரு தலைப்பின் பக்கத்திலும் அடியில் அந்த அட்டவணையின் பெயர் தானாகத் தோன்றும். இடப்பக்கம் முந்தைய தலைப்பு, வலப்பக்கம் அடுத்தது. ஒரு தலைப்பு எத்தனை அட்டவணையிலும் இருக்கலாம். 'ரசிகர் எதிர்வினைகள்' அப்படியொரு அட்டவணை. ஆனால் மற்ற அட்டவணைகளுக்கு இல்லாத அதிகாரம் இதற்கு உண்டு. ஒரு தலைப்பை இதன் கீழ் கொண்டுவந்து மாறுபடும் கருத்து என்று முத்திரையிட்டால், அதன் எடுத்துக்காட்டுகள் ஆயிரக்கணக்கான முதன்மைப் பக்கங்களிலிருந்து வெளியேறியாக வேண்டும். வெறும் பட்டியலாகத் தோன்றுவது உண்மையில் ஓர் எல்லைக்கோடு. அதனால்தான் ஒரு தலைப்பு கோட்டுக்கு எந்தப் பக்கம் என்ற விவாதங்கள் வாரக்கணக்கில் நீள்கின்றன.

தாவல்களை ஒருசேரப் பார்த்தால் ஒழுங்கு புலப்படும். முதன்மைப் பக்கத்தில் இருப்பது கதைக்குள் நிகழ்வது. ஒய்.எம்.எம்.வி. தாவலில் இருப்பது பார்ப்பவரிடம் நிகழ்வது. 'ட்ரிவியா' என்ற மூன்றாவது தாவலில் இருப்பவை படப்பிடிப்புச் செய்திகள், நடிகர் மாற்றங்கள், கைவிடப்பட்ட திட்டங்கள் போன்று படைப்பைச் சுற்றி நிகழ்ந்தவை. அமெரிக்க விமர்சகர் எம்.எச். ஆப்ரம்ஸ் 1953இல் வெளியிட்ட 'த மிரர் அண்ட் த லேம்ப்' நூலில் இலக்கியக் கோட்பாடுகளை நான்கு புள்ளிகளில் நிறுத்தினார்: படைப்பு, படைப்பாளி, வாசகர், புற உலகம். ஒரு கோட்பாடு இவற்றில் எதை நோக்கித் திரும்பியிருக்கிறது என்பதைக் கொண்டு அதை இனங்காணலாம் என்றார். விக்கித் தொகுப்பாளர்கள் ஆப்ரம்ஸைப் பிரித்துவைத்துக்கொண்டு தாவல் போட்டார்கள் என்று நினைக்க ஆதாரமில்லை. சண்டையைக் குறைக்கப் போய் ஏறத்தாழ அவர் போட்ட கோடுகளிலேயே வந்து நின்றிருக்கிறார்கள்.

கோட்டுக்கு ஒரு விதிவிலக்கு உண்டு, அது சுவையானது. 1997 பிப்ரவரியில் வந்த 'த சிம்ப்சன்ஸ்' பகுதி ஒன்றில், கதைக்குள் ஓடும் ஒரு கார்ட்டூன் தொடருக்குப் புத்துயிர் கொடுக்க 'பூச்சி' என்ற நாயைப் புதிதாகச் சேர்க்கிறார்கள். கதைக்குள் இருக்கும் ரசிகர்கள் அதை வெறுத்து ஒதுக்குகிறார்கள். இந்த வெறுப்பு யாருடைய கருத்தும் அல்ல, கதையில் நடந்த சம்பவம். ஆகவே அது முதன்மைப் பக்கத்துக்கு உரியது. ஒரே எதிர்வினை, திரைக்கு இந்தப் பக்கம் இருந்தால் கருத்து, அந்தப் பக்கம் இருந்தால் செய்தி.

புதிதாக வந்து வெறுப்பைச் சம்பாதிக்கும் பாத்திரத்துக்கு விக்கியில் வழங்கும் பெயர் 'ஸ்கிராப்பி'. 1979இல் 'ஸ்கூபி டூ' கார்ட்டூனில் நுழைந்த ஸ்கிராப்பி டூ என்ற குட்டிநாயின் பெயர் அது. அது வந்தபோது தொடர் நிறுத்தப்படும் நிலையில் இருந்தது. வந்த பிறகு பார்வையாளர் கூடினார்கள். வளர்ந்துவிட்ட ரசிகர்கள் பின்னாளில் அதே குட்டியைத் திட்டித் தீர்த்தார்கள். 2002இல் வந்த திரைப்படம் அதையே வில்லனாக்கியது. எந்த ஆண்டின் ரசிகரைக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்துப் பதில் மாறுகிறது.

அட்டவணை இந்த இடத்தில் வெறும் 'பிடிக்காத பாத்திரம்' என்று நிறுத்திக்கொள்ளாததுதான் அதன் பலம். ரசிகர் கூட்டத்தில் பெரும்பாலோர் வெறுத்தால் மட்டுமே ஸ்கிராப்பி. பாதிப் பேர் கொண்டாடிப் பாதிப் பேர் கடித்துக் குதறினால் அது கூட்டத்தை உடைக்கும் பாத்திரம், தனித் தலைப்பு. இரண்டு காட்சியில் வந்துபோகும் துணைப்பாத்திரம் நாயகனைவிட அதிகம் விரும்பப்பட்டால் இன்னொரு தலைப்பு. வெறுக்கப்பட்டவர் பிற்பாடு நல்ல எழுத்தால் மீண்டால், ஸ்கிராப்பிக் குவியலிலிருந்து மீட்கப்பட்டவர் என்று வேறொன்று. வில்லனின் குற்றங்களை ரசிகர்களே மன்னித்து அவனைக் காதல் நாயகனாக்கிக்கொள்வதற்கு, ஹாரி பாட்டர் கதையின் டிராகோ பெயரில் ஒன்று. நல்லவனை வலிந்து வில்லனாக்குவதற்கு அதே கதையின் ரான் பெயரில் ஒன்று. 'பிடித்தது, பிடிக்கவில்லை' என்ற இரண்டு சொற்களுக்குள் எத்தனை வேறுபட்ட நடத்தைகள் ஒளிந்திருக்கின்றன என்பது இந்தப் பட்டியலைப் படித்தால்தான் உறைக்கும்.

'நார்ம்' என்பது இன்னும் நுட்பம். எச்.பி.ஓ.வின் 'சிக்ஸ் ஃபீட் அண்டர்' தொடரில் 2005இல் வந்த ஒரு பகுதியில் நேட் என்ற பாத்திரம் மூளைப் பாதிப்பால் சரிந்து விழுகிறது. கை மரத்துப்போகிறது என்று சொல்ல முயன்று வாய் குழறி 'நார்ம்' என்கிறது. உயிர்போகும் நேரம்; பலருக்குச் சிரிப்பு. உருக்கவென்று எடுத்த காட்சி நகைப்பில் முடிவதற்கு அதுவே பெயராகிவிட்டது. இங்கே எதிர்வினையைப் பதியும்போதே படைப்பாளியின் நோக்கத்தையும் பதிகிறார்கள். வேண்டுமென்றே சிரிக்கவைத்தால் அது நார்ம் அல்ல. இரண்டும் எதிரெதிர்த் திசையில் போக வேண்டும்.

காலதாமதமாக வரும் எதிர்வினைக்கும் இடமுண்டு. படம் முடிந்து வீடு திரும்பிய ரசிகர், இரவில் குளிர்பெட்டியைத் திறந்து எதையாவது எடுக்கும்போது, 'அந்த இடம் இடிக்கிறதே' என்று திடீரென யோசிப்பார் என்று ஆல்ஃப்ரெட் ஹிட்ச்காக் சொல்லிவந்தார். 'வெர்டிகோ' (1958) படத்தில் நாயகி ஒரு விடுதிக்குள் நுழைந்து மறைந்துபோவது அப்படியொரு காட்சி. விக்கி இதற்கு 'ஃப்ரிட்ஜ்' என்று ஒரு தாவலே வைத்திருக்கிறது. தாமதமாக உறைக்கும் தர்க்க ஓட்டைக்கு ஒரு பிரிவு, தாமதமாகப் புரியும் திறமைக்கு ஒன்று, தாமதமாக உடல் சிலிர்க்கவைக்கும் பயங்கரத்துக்கு ஒன்று. எதிர்வினையை அதன் வகையால் மட்டுமல்லாமல், அது எழும் நேரத்தாலும் பகுத்த அட்டவணைகள் அரிது.

எழுதும் முறைக்கும் கட்டுப்பாடு உண்டு. 'விவாதத்துக்குரியது என்றாலும்', 'சிலர் கருத்தில்' என்ற வால்கள் கூடாது. தாவலின் பெயரே மாறுபடலாம் என்று சொல்லிவிட்ட பிறகு ஒவ்வொரு வரியிலும் அதைச் சொல்லத் தேவையில்லை. எதிர்க்கருத்து இருந்தால் அடியில் வாதாடக் கூடாது; தனிப் பதிவாகவோ, அதே பதிவைத் திருத்தியோ எழுத வேண்டும். காரணம் சொல்லாத பதிவை நீக்கிவிடலாம். 'இந்தப் பாத்திரம் மோசம்' என்பது பதிவல்ல. எந்தச் செயலால், எந்தப் பகுதியில், ரசிகர்கள் எதற்காக விலகினார்கள் என்பதே பதிவு.

இந்தச் சின்ன மாற்றத்தில்தான் விஷயம் இருக்கிறது. 'அவன் மோசம்' என்பது தீர்ப்பு, அதை மறுக்கலாம். 'அவன் நண்பனைக் காட்டிக்கொடுத்த பகுதிக்குப் பின் ரசிகர்கள் அவனை வெறுத்தார்கள்' என்பது செய்தி, அவனை விரும்புகிறவரும் ஒப்புக்கொள்ளலாம். கருத்தை நீக்காமலும், அதை உண்மை என்று ஏற்காமலும், நிகழ்ந்த ஒன்றாகப் பதிவது. இதற்கு வேண்டியவை மூன்று: தனி இடம், கறாரான வடிவம், ஓயாமல் களை பிடுங்குவோர். முதல் இரண்டையும் ஒருமுறை அமைத்துவிடலாம். மூன்றாவது சம்பளமில்லாத வேலை, முடிவதுமில்லை.

இலக்கிய விமர்சனம் இந்தப் பிரச்சினையோடு மல்லுக்கட்டிய வரலாறு நீண்டது. கேம்பிரிட்ஜில் ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ் கவிஞர் பெயரை மறைத்துக் கவிதைகளை மாணவரிடம் கொடுத்து, தோன்றியதை எழுதச் சொன்னார். வந்த குறிப்புகளை வகைபிரித்து 1929இல் 'பிராக்டிகல் கிரிட்டிசிசம்' நூலாக்கினார். வாய்ப்பாடான எதிர்வினை, மிகையுணர்ச்சி, கொள்கைப் பிடிப்பு என்று பத்து இடர்ப்பாடுகளை அடுக்கினார். வாசகர் எதிர்வினைக்கான நவீன அட்டவணைகளில் அது ஒரு முன்னோடி. ஆனால் ரிச்சர்ட்ஸுக்கு அவை பெரும்பாலும் நோய்க்குறிகள், குணப்படுத்த வேண்டியவை. 1949இல் விம்சாட்டும் பியர்ட்ஸ்லியும் ஒரு படி மேலே போய், கவிதையை அது வாசகரிடம் உண்டாக்கும் விளைவோடு குழப்பிக்கொள்வதே பிழை என்றார்கள். ஸ்டான்லி ஃபிஷ் மறுகோடிக்குப் போனார். பொருள் பிறப்பதே, வாசிப்பு உத்திகளைப் பகிர்ந்துகொள்ளும் வாசகர் குழுவுக்குள்தான் என்று அவர் 1980இல் வெளியிட்ட நூல் வாதிட்டது. டிவி ட்ரோப்ஸின் முதன்மைப் பக்கம் விம்சாட்டின் கட்சி. அதன் ஒய்.எம்.எம்.வி. தாவல் ஃபிஷ் கட்சி. இரண்டுக்கும் இடையே ஒரு சொடுக்கு.

மற்றவர்கள் வேறு வழி கண்டார்கள். விக்கிப்பீடியா கருத்தைக் கடன்வாங்க மட்டும் செய்கிறது. 'மோசமான படம்' என்று விக்கிப்பீடியா சொல்லாது. அப்படிச் சொன்ன விமர்சகரை மேற்கோள் காட்டும். 'புகழ்பெற்ற', 'அழகான' போன்ற அளவிட முடியாத அடைகளால் பகுப்புகளை உருவாக்கக் கூடாது என்பது அதன் வழிகாட்டு நெறி. அப்படியும் மிக மோசமானவை என்று கருதப்பட்ட படங்களின் பட்டியல் ஒன்று அங்கே செழிப்பாக வாழ்கிறது, ஒவ்வொரு வரிக்கும் அடிக்குறிப்போடு. இதில் இழப்பு ஒன்று உண்டு: அச்சில் வராத ரசிகரின் குரல் கணக்கிலேயே சேராது.

1998இல் தொடங்கிய ராட்டன் டொமேட்டோஸ் எதிர்வினையை விழுக்காடாகச் சுருக்கியது. எண்ணுக்கு ஆசைப்பட்டவர்கள் அதைத் திரிக்கவும் கற்றுக்கொண்டார்கள். 2019இல் 'கேப்டன் மார்வெல்' வெளிவரும் முன்பே எதிர்ப்புப் பதிவுகள் குவிந்த சூழலில், படம் வெளியாவதற்கு முன் ரசிகர் ஆர்வத்தை விழுக்காட்டில் காட்டும் வசதியைத் தளம் விலக்கிக்கொண்டது. அதே ஆண்டில் டிக்கெட் வாங்கியது உறுதியான பார்வையாளருக்குத் தனி மதிப்பெண் வந்தது. ரசிகர் புனைகதைக் களஞ்சியமான 'ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன்' மூன்றாவது வழி. எழுதுபவர் தன் கதைக்குத் தோன்றிய குறிச்சொல்லை எப்படி வேண்டுமானாலும் போடலாம். ஒரே பொருளுள்ள நூறு சொற்களைத் தன்னார்வலர்கள் திரைக்குப் பின்னால் ஒன்றோடொன்று இணைத்துவிடுவார்கள். 2019இல் ஹியூகோ விருது பெற்ற அந்தக் களஞ்சியம், சொல்லைத் திருத்தாமல் தேடலை மட்டும் திருத்துகிறது. டிவி ட்ரோப்ஸுக்கு அந்தப் பொறுமை இல்லை. அங்கே ஒரு பொருளுக்கு ஒரு பெயர்தான்.

பெயரால் வந்த தொல்லைகளும் கொஞ்சநஞ்சமல்ல. ஒரு காலத்தில் புதுமையாக இருந்து, எல்லோரும் காப்பியடித்ததால் இன்று சாதாரணமாகத் தெரியும் படைப்பைக் குறிக்க, 'சைன்ஃபெல்டு' தொடரைச் சிரிப்பில்லாதது என்று சொல்லும் வாசகம் தலைப்பாக இருந்தது. அது கேலி. படித்தவர்களில் பலர் அதை அப்படியே எடுத்துக்கொண்டு தங்களுக்குச் சிரிப்பு வராத பழைய நகைச்சுவைகளையெல்லாம் கீழே அடுக்கினார்கள். கடைசியில், ஒரு காலத்தில் புதிது, இப்போது சகஜம் என்று பொருள்படும் நேரடியான பெயருக்கு மாற்ற வேண்டியதாயிற்று. கதையில் புரியாத இடங்களைக் கேட்பதற்கு வைத்த தாவலுக்குத் தொடக்கத்தில் 'இது எனக்கு எரிச்சலூட்டுகிறது' என்ற பொருளில் பெயர். எரிச்சல் என்று பலகை வைத்தால் எரிச்சல்தானே வந்து சேரும். பிறகு தலையைச் சொறிய வைப்பவை என்று மாற்றினார்கள்.

மிகக் கடுமையான சோதனை 'கம்ப்ளீட் மான்ஸ்டர்' என்ற தலைப்பில் வந்தது. மருந்துக்கும் நற்குணமில்லாத கொடியவன் என்று பொருள். அட்டவணையில் இதுவும் கருத்துதான், ஒய்.எம்.எம்.வி. முத்திரை பெற்றதுதான். ஆனால் தங்களுக்குப் பிடிக்காத வில்லன்கள் அத்தனை பேரையும் ரசிகர்கள் அதில் கொண்டுவந்து கொட்டவே, ஒரு விசாரணை முறையை உருவாக்கினார்கள். ஒரு பாத்திரத்தைச் சேர்க்க விரும்புபவர் நீண்ட மனு எழுத வேண்டும். அந்தக் கதையுலகின் அளவுகோலுக்கே அவன் செயல்கள் மிகக் கொடியவையா, மன்னிக்கத்தக்க காரணமோ அன்போ எங்கேனும் தென்படுகிறதா, செய்வதை அறிந்து செய்கிறானா, கதை அவனைக் கேலிப்பொருளாக்காமல் உண்மையான தீமையாகவே காட்டுகிறதா என்று நிறுவ வேண்டும். மற்றவர்கள் வாக்களித்து ஒப்புக்கொண்ட பிறகே பதிவு ஏறும். அனுமதியில்லாமல் சேர்த்தால் நீக்கப்படும்.

மாறுபடலாம் என்று முத்திரை குத்திய ஒன்றில் மாறுபடுவதற்கு அனுமதி தேவைப்படும் விசித்திரம் இது. இதைக் கேலி செய்வது சுலபம். ஆனால் ஷேக்ஸ்பியரின் இயாகோ ஏன் ஒத்தெல்லோவை அழித்தான், அவனுக்கு உண்மையில் காரணம் இருந்ததா என்று கோல்ரிட்ஜ் காலத்திலிருந்து விமர்சகர்கள் வாதிடுகிறார்கள். அவர்களிடம் இப்படியொரு பொது அளவுகோல்கூடக் கிடையாது. விக்கியின் தவறு விசாரணை வைத்ததில் இல்லை. செய்தியாகப் பதிய வேண்டியதை மறுபடியும் தீர்ப்பாக்கியதில் இருக்கிறது. தீர்ப்பு என்று வந்துவிட்டால் நீதிமன்றமும் கூடவே வந்துதான் ஆகும்.

அடக்க முடியாதவற்றை அவர்கள் வெளியேற்றவும் செய்தார்கள். எந்தப் பக்கத்தில் வைத்தாலும் தீப்பற்றும் சில தலைப்புகளுக்கு விளக்கம் மட்டும் உண்டு, எடுத்துக்காட்டு கிடையாது. பங்களிப்பாளர்கள் தங்கள் சொந்த வாழ்க்கை அனுபவங்களை எழுதிய 'ட்ரோப்பர் டேல்ஸ்' என்ற பகுதி, அந்தரங்கங்கள் எல்லை மீறியதால் முற்றாக நீக்கப்பட்டது. நீக்கத்துக்கு எப்போதும் கொள்கை மட்டும் காரணமல்ல. 2010இலும் 2012இலும் தளத்தின் சில பக்கங்களைக் காரணம் காட்டி கூகுள் விளம்பரங்களை நிறுத்தியது. பாலியல் சார்ந்த பக்கங்கள் அதன் பின் மறுபரிசீலனைக்கு உள்ளாயின. எந்த எதிர்வினையைப் பதியலாம் என்பதை விளம்பரக்காரரும் ஓரளவு முடிவு செய்தார். நீக்கங்களும் 2012இல் நடந்த உரிமமாற்றமும் பிடிக்காதவர்கள் பிரிந்துபோய் 2013இல் 'ஆல் த ட்ரோப்ஸ்' என்ற கிளை விக்கியை அமைத்தார்கள். மூலத் தளமும் 2014இல் கைமாறியது.

காலம் மாறும்போது எதிர்வினையும் மாறுவதற்கு இந்த அட்டவணையில் 'விழுமிய முரண்' என்று சொல்லத்தக்க தலைப்பு உண்டு. 1939இல் வந்த 'கான் வித் த விண்ட்' படத்தை 2020 ஜூனில் எச்.பி.ஓ. மேக்ஸ் தற்காலிகமாக விலக்கி, அடிமைமுறையைப் படம் காட்டிய விதம் குறித்த விளக்கவுரையோடு மீண்டும் சேர்த்தது. படத்தில் ஒரு சட்டகமும் மாறவில்லை. நிறுவனமே ஓர் ஒய்.எம்.எம்.வி. தாவலைப் படத்தின் முன்னால் ஒட்டிவிட்டது என்று சொல்லலாம்.

இடம் மாறும்போது மாறுவதற்கும் ஒரு தலைப்பு. சொந்த நாட்டில் சாதாரணமாகக் கருதப்படுபவர் இன்னொரு நாட்டில் கொண்டாடப்படுவதை, ஜெர்மானியர்கள் டேவிட் ஹாசல்ஹாஃபை நேசிக்கிறார்கள் என்ற வாசகத்தால் நெடுங்காலம் குறித்தார்கள். அமெரிக்காவில் அவர் தொலைக்காட்சி நடிகர், அவ்வளவே. மேற்கு ஜெர்மனியில் அவர் பாடிய 'லுக்கிங் ஃபார் ஃப்ரீடம்' 1989இல் எட்டு வாரம் முதலிடத்தில் இருந்தது. அந்த ஆண்டின் கடைசி இரவில் பெர்லின் சுவர் அருகே அவர் அதைப் பாடினார். எதிர்வினைகளில் எண்ணால் நிறுவக்கூடிய சிலவற்றில் இது ஒன்று.

ஆனால் இந்தத் தலைப்புக்குள் 'ரசிகர்' என்ற சொல்லின் விரிசல் தெரிகிறது. பதிவுசெய்பவர் பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதும் இணையவாசி. ஜெர்மானியர் நேசிப்பது அவருக்கு வியப்பு என்பதால்தான் அது பதிவாகிறது. ஜெர்மானியருக்கு அதில் வியப்பு என்ன? அமெரிக்கருக்குப் பிடித்திருப்பது எந்தத் தலைப்பும் தேவைப்படாத இயல்பு நிலை. அட்டவணை ரசிகர் எதிர்வினையைத்தான் பதிகிறது, ஆனால் நிற்கும் இடத்தைச் சொல்லாமல் பதிகிறது. 'ரசிகர்கள் வெறுத்தார்கள்' என்ற வரியில் எத்தனை ரசிகர்கள், எங்கே, எந்த மொழியில் என்பதைக் கட்டாயமாக்கும் விதி எதுவும் எழவில்லை. காரணம் கேட்ட அளவுக்கு முகவரி கேட்கவில்லை.

தமிழில் இந்தத் தலைப்புக்குப் பொருத்தமானது கே.எஸ். ரவிகுமாரின் 'முத்து'. மலையாளத்தின் 'தேன்மாவின் கொம்பத்து' படத்தைத் தழுவி 1995இல் வந்த அந்த ரஜினிகாந்த் படம், 1998இல் 'ஆடும் மகாராஜா' என்ற பொருள்படும் பெயரோடு ஜப்பானில் வெளியானது. டோக்கியோவின் ஷிபுயாவில் ஒரே அரங்கில் 23 வாரம் ஓடியது. 2006 டிசம்பரில் ஜப்பானிய நாடாளுமன்றத்தில் உரையாற்றிய பிரதமர் மன்மோகன் சிங் அந்தப் படத்தின் பெயரைக் குறிப்பிட்டார். விக்கிப்பீடியாவுக்கு இந்த இரண்டு சான்றுகளும் தாராளமாகப் போதும். டிவி ட்ரோப்ஸ் கேட்கும் கேள்விக்கு இரண்டும் விடையல்ல. 23 வாரம் ஓட்டக் கணக்கு, பிரதமர் பேச்சு ராஜதந்திரம். அந்த அரங்கில் உட்கார்ந்திருந்தவர்கள் எந்தக் காட்சியில் படம் எதிர்பார்த்தபடி சிரித்தார்கள், எந்தக் காட்சியில் எதிர்பாராமல் சிரித்தார்கள், யாரைத் துணைப்பாத்திரம் என்று பாராமல் கொண்டாடினார்கள் என்பதற்கு, அன்று ஜப்பானிய மொழியில் எழுதப்பட்ட ரசிகர் குறிப்புகளைத்தான் தேடிப் போக வேண்டும்.